ஜெசிக்குத் தெரியாமல் பிழிந்த எலுமிச்சை

தம்பி,

நீயும் ஜெசியும் கிறிஸ்துமஸுக்கு ஆவூர் வரப்போகிறீர்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. திருச்சி ஏர்போர்ட்டில் இறங்கி நேராக அவள் அம்மா வீட்டுக்குப் போய், பத்து நாள் இருந்துவிட்டு, புதுக்கோட்டைப் பக்கம் தலைவைத்துப் படுக்காமல் திரும்பிப் போவதாக ஏற்பாடு. யார் சொன்னது என்று சண்டைக்குக் கிளம்பாதே. உன் மாமியார்தான் போன் செய்தார். "சம்பந்தி, ஒங்ககிட்ட சொல்ல வேணாம்னுதான் புள்ளைக சொல்லிருக்காக. எனக்குத்தான் மனசு கேக்கல. ஆனா ஏர்போர்ட்டுக்கு மட்டும் வந்துராதீங்க" என்று சொல்லிவிட்டு அழுதார். வரமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். என் வாக்குக்கு என்ன மதிப்பு என்று அந்த வீட்டாருக்குத் தெரியும். ஆனாலும் இந்த ஒரு தடவை அதைக் காப்பாற்றுவேன். உங்கள் ஏற்பாட்டை மாற்றுவதற்காக நான் இதை எழுதவில்லை.

போனில் பேசியிருக்கலாமே என்று நினைப்பாய். போனில் நீ "ம்", "சரி", "அப்பாகிட்ட குடும்மா" என்ற மூன்றுக்கு மேல் பேசி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இரண்டு கோடும் நீலமாகிறது, அதோடு சரி. முப்பது வருஷம் சத்துணவு அமைப்பாளராக இருந்து, தினமும் இத்தனை பிள்ளைகள் சாப்பிட்டார்கள் என்று எழுதிய கை இது. எழுதினால்தான் எனக்குப் பொய் வராது. வாயைத் திறந்தால் என்னை நானே நல்லவளாக்கிக்கொண்டு பேசிவிடுவேன். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். பொறுமையாகப் படி. உனக்குத் தெரியாத மூன்று விஷயம் இதில் இருக்கிறது.

முதலில் அந்தப் பண்டத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் ஆடியில் நீங்கள் இரண்டு பேரும் லீவில் வந்தீர்கள் இல்லையா, வந்த இரண்டாம் நாளே ஜெசி என்னிடம் வந்து, "அத்தை, இந்தத் தடவ ஒங்களுக்குக் கீ லைம் பை செஞ்சு தரப்போறேன்" என்றாள். பை என்றதும் நான் மஞ்சப்பையைத்தான் நினைத்தேன். அவள் சிரித்துவிட்டுப் பொறுமையாக விளக்கினாள். பிஸ்கட்டை நொறுக்கி வெண்ணெயில் பிசைந்து தட்டில் அழுத்தி, அதன்மேல் டின் பாலும் முட்டை மஞ்சள் கருவும் எலுமிச்சைச் சாறும் கலந்து ஊற்றி ஓவனில் வைத்து எடுப்பது. நீங்கள் இருக்கும் ஃபுளோரிடா பக்கம் அது பேர்போன பண்டமாம். அதற்கென்று சின்னதாய், மஞ்சளாய், விதை நிறைய இருக்கிற ஓர் எலுமிச்சை உண்டாம். ஆனால் உங்கள் ஊர்க் கடையில் அது கிடைப்பதே இல்லை, விதையில்லாத பெரிய பச்சைப் பழம்தான் கிடைக்கிறது, இத்தனை வருஷமாக அதை வைத்து ஒப்பேற்றுகிறேன் என்றாள். "அந்தச் சின்னப் பழம் எது தெரியுமா அத்தை? நம்ம ஊர் எலுமிச்சதான். நீங்க ஊறுகாய் போடுறீங்களே, அதேதான். அங்க தேடித்தேடிக் கெடைக்காதது இங்க தெருத்தெருவா கெடக்குது."

அவள் அப்படிச் சொன்னபோது அவள் முகத்தைப் பார்த்திருந்தால் நீ இன்னொரு தடவை அவளைக் கல்யாணம் செய்துகொண்டிருப்பாய். நானும் பார்த்தேன். ஆனால் நான் பார்த்தது அவள் முகத்தை இல்லை. கல்யாணமாகி எட்டு வருஷம், இன்னும் வயிறு தட்டையாக இருக்கிறதே என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒளிக்காமல் சொல்கிறேன். அந்த எட்டு வருஷமும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனில் "விசேஷம் உண்டா?" என்று கேட்டவள் நான். நீ "ஆபீஸ்ல வேலை ஜாஸ்திம்மா" என்பாய். ஏதோ ஆபீஸ் வேலைதான் என் பேரப்பிள்ளையைத் தடுத்துக்கொண்டிருக்கிறது என்று நானும் உன் முதலாளியைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

தெருத்தெருவாகக் கிடைக்கிற எலுமிச்சை ஆடி மாசத்தில் எங்கே போகும் என்பது அவளுக்குத் தோன்றவில்லை. பாவம், அவள் ஆவூர்க்காரி. அவர்கள் கோவிலில் எலுமிச்சை மாலை கிடையாது. கடைசி வெள்ளிக்கு முந்தின நாள் அவளைக் கூட்டிக்கொண்டு புதுக்கோட்டை மார்க்கெட் முழுக்கச் சுற்றினேன். "எல்லாம் மாலைக்குப் போயிருச்சுக்கா. இருக்கறது இதுதான்" என்று ஒருவன் காட்டிய பழத்தை நான் பிள்ளைகளுக்கு ரசத்தில்கூடப் பிழிந்திருக்க மாட்டேன். கருத்துச் சுருங்கிக் கிடந்தது. நான் கடைக்காரனிடம் மல்லுக்கு நின்றேன். ஜெசி என் கையைப் பிடித்து இழுத்துவிட்டு, பக்கத்துக் கடையில் நாரத்தங்காயும் சாத்துக்குடியும் எடுத்து முகர்ந்து பார்த்தாள். "அத்தை, நாரத்தங்கா சாறு ரெண்டு பங்கு, சாத்துக்குடி ஒரு பங்கு. கசப்பு வராம தோல மட்டும் மேலாப்புல சீவிக்கலாம். புளிப்பும் வரும், வாசனையும் வரும். இல்லாததுக்கு ஏங்கிக்கிட்டு இருக்கறதவிட இருக்கறத வச்சுச் செஞ்சிரலாம்" என்றாள்.

அது எலுமிச்சையைப் பற்றிய பேச்சு மட்டும் இல்லை என்று இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு எனக்கு எரிச்சல்தான் வந்தது. "எதுக்கு மாத்துப் பழம்? எலுமிச்ச நான் கொண்டாரேன். நாளைக்குச் சாயங்காலம் ஒன் கையில இருக்கும்" என்றேன். நாரத்தங்காயைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்தோம். நான் அவ்வளவு உறுதியாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. உங்கள் டிக்கெட் போட்டாயிற்று என்று நீ சொன்ன அன்றே நான் திருவரங்குளம் பக்கத்தில் நம் ஊர்க் காளி கோவில் பூசாரியிடம் சொல்லி வைத்துவிட்டேன். ஆடிக் கடைசி வெள்ளியில் அம்மன் மடியில் ஒரே ஒரு எலுமிச்சம்பழம் வைத்துப் பூசை செய்து, பிள்ளையில்லாத வீட்டுக்குக் கொடுப்பார்கள். அந்தப் பெண் குளித்து, வெறும் வயிற்றில், அம்மனை நினைத்து, தோலோடு தின்ன வேண்டும். வேறு யாரும் அதில் வாய் வைக்கக் கூடாது. நம் ஊரில் எத்தனையோ வீட்டுப் பிள்ளைகளை அந்தப் பழத்தின் பெயரைச் சொல்லித்தான் கொஞ்சுவார்கள். உன்னையும் அப்படித்தான் கொஞ்சினார்கள்.

ஜெசியிடம் அதை நேராகக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. சம்பந்தம் பேச ஆவூர் போனபோது அவர்கள் வீட்டு வாசலில் நின்று நான் சொன்னது உனக்கு நினைவிருக்கும். "ஒங்க புள்ளைய நான் கோயில் குளம்னு இழுக்க மாட்டேன். அவ ஜெபமால அவ கையில, என் திருநீறு என் நெத்தியில." ஊரே மெச்சிய பேச்சு. எனக்கே என் மேல் பெருமை. அந்தப் பேச்சையும் விடக் கூடாது, பழத்தையும் ஊட்ட வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து ஒரு வழி கிடைத்ததாக நினைத்தேன். அவளே எலுமிச்சை கேட்கிறாள், அவளே செய்யப்போகிறாள், அவளே தின்னப்போகிறாள். அம்மனே வழி காட்டிவிட்டாள் என்று பஸ்ஸில் உட்கார்ந்து கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை நம் வீட்டில் முட்டை உடைக்க மாட்டோம் என்பதால் சனிக்கிழமை செய்தாள். அம்மன் கழுத்து மாலையிலிருந்து பூசாரி உதிர்த்துக் கொடுத்த ஏழெட்டுப் பழத்தை அவளிடம் கொடுத்தேன். மடிப்பழத்தை மட்டும் அரிசிப் பானைக்குள் வைத்திருந்தேன். அவள் பெரிய எவர்சில்வர் தட்டில் ஒன்றும், மிச்சக் கலவையில் சின்னக் கிண்ணத்தில் ஒன்றும் ஊற்றினாள். அதற்குள் அவளுக்கு ஆபீஸ் போன் வந்தது. "அத்தை, அஞ்சு நிமிஷம், ஓவன் சூடாகட்டும்" என்று மாடிக்குப் போனாள். நான் அந்தப் பழத்தை எடுத்து, தோலைக் கேரட் துருவியில் துருவி, சாறு முழுவதையும் சின்னக் கிண்ணத்தில் பிழிந்து கலக்கிவிட்டேன். டின் பாலில் இன்னும் புளிப்பு விழுந்ததும் சட்டென்று கெட்டியானது. அவள் இறங்கி வந்து பார்த்துவிட்டு, "இது மட்டும் ஏன் அத்தை இப்புடி இறுகிப்போச்சு?" என்றாள். "எனக்கென்ன தெரியும், ஒங்க ஊர்ப் பண்டம்" என்றேன். தம்பி, சமையலறையில் நான் பொய் சொன்னது அதுதான் முதல் தடவை. நூறு பிள்ளைகளுக்குச் சோறு போட்டபோது ஒரு பிள்ளையின் தட்டில் விழுந்தது என்ன என்று நான் மறைத்தது கிடையாது.

நீயும் அப்பாவும் பெரிய தட்டில் தின்றுவிட்டு, நல்லாயிருக்கிறது என்று ஆளுக்கொரு சர்டிபிகேட் கொடுத்துவிட்டு ஹாலுக்குப் போய்விட்டீர்கள். கிண்ணத்தை நான் அவள் கையில் கொடுத்தேன். "இது ஒனக்கு. யாருக்கும் குடுக்காத" என்றேன். அவள் கண் கலங்கிப்போயிற்று. "எனக்குன்னு தனியா எடுத்து வச்சீங்களா அத்தை?" என்றாள். நான் தலையை ஆட்டினேன். ஒரு வாய் வைத்ததும் முகம் சுளித்தது. எவ்வளவு புளித்திருக்கும். ஆனால் நான் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்ததால் இன்னொரு வாய் தின்றாள். பாதிக் கிண்ணத்தில் ஸ்பூனை வைத்துவிட்டு, "அத்தை, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். ரொம்ப நாளா சொல்லணும்னு இருக்கேன்" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மொதல்ல இத வழிச்சுத் தின்னு முடி. அப்பறம் எல்லாம் பேசலாம்." அவள் தின்று முடித்தாள். கிண்ணத்தை விரலால் வழிக்க வைத்தேன். சந்தோஷம் தாங்காமல், அவள் வாயைத் திறக்கும் முன்னால் நானே, "அடுத்த ஆடிக்கு இந்த வீட்டு உத்தரத்துல தொட்டில் கட்டிரணும், பாத்துக்க" என்று சொல்லிவிட்டேன். அவள் எழுந்து கிண்ணத்தைக் கழுவப் போனாள். என்னவோ சொல்ல வேண்டும் என்றாயே என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. இதுதான் உனக்குத் தெரியாத முதல் விஷயம். அன்றைக்கு என்னிடம் சொல்வதற்காகத்தான் அவள் அந்தப் பண்டத்தையே செய்திருக்கிறாள். இனிப்பாக ஒன்று கையில் இருந்தால் அத்தையிடம் பேச்சை எடுப்பது சுலபம் என்று நினைத்திருக்கிறாள்.

மறுநாள் நீயும் அப்பாவும் கீரனூருக்குக் காதுகுத்துக்குப் போயிருந்தபோது பூசாரி வீட்டம்மா குங்குமம் கொண்டுவந்தார். வந்தவர் வாசலில் நின்றே, "பழத்தக் குடுத்தியா? புள்ள தின்னுச்சா? ஒரு சொட்டு வீணாக்காம தின்னுச்சா?" என்று கேட்டார். ஜெசி அவருக்குக் காபி எடுத்துக்கொண்டு என் பின்னால் நின்றிருந்தாள். டம்ளரை அவர் கையில் கொடுத்து, அவர் குடித்து முடிக்கும் வரை நின்று, டம்ளரை வாங்கி வைத்துவிட்டு, அவர் தெரு முனை தாண்டிய பிறகுதான் என்னிடம் கேட்டாள். "எந்தப் பழம் அத்தை?"

நான் சொன்னேன். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்குத் தோதாக இருந்திருக்கும், நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். "ஒங்க கோயிலுக்கு வர மாட்டேன்னு நான் என்னைக்காவது சொல்லிருக்கேனா அத்தை? கேட்டிருந்தா வந்திருப்பேன். மொதத் தடவ கலைஞ்சப்ப கேட்டிருந்தீங்கன்னா குளிச்சிட்டு வந்து கைய நீட்டி வாங்கித் தின்னிருப்பேன். ரெண்டாந்தடவையும் தின்னிருப்பேன். மூணாவது அஞ்சு மாசம். பொம்பளப் புள்ள. அதுக்கப்பறம் யாரு என்ன குடுத்திருந்தாலும் தின்னிருப்பேன்" என்றாள். பிறகு, "இப்ப பழத்துக்கு எடமே இல்ல அத்தை. மாசியில ஆப்பரேஷன் பண்ணிக் கர்ப்பப்பைய எடுத்துட்டாங்க. நேத்து அதத்தான் சொல்ல வந்தேன்" என்றாள்.

இரண்டாவது விஷயம் இதுதான். அவள் இதைச் சொல்லி முடித்ததும் என் வாயிலிருந்து வந்த பதிலை அவள் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள் என்று நினைக்கிறேன். சொல்லியிருந்தால் நீ ஆவூருக்குக்கூட வரமாட்டாய். நான் அவளைக் கட்டிக்கொள்ளவில்லை. "அய்யோ" என்றுகூடச் சொல்லவில்லை. "இத மொதல்லயே சொல்லியிருந்தா நான் அந்தப் பழத்த வாங்கியிருக்கவே மாட்டேனே! வேற எந்த வீட்டுப் புள்ளைக்காவது போயிருக்குமே!" என்றேன். வாயிலிருந்து விழுந்ததை என் காதால் கேட்டேன். எடுக்க முடியவில்லை. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. தெரியாத வீட்டுக்கு வந்துவிட்டவள்போலப் பார்த்தாள். பிறகு மாடிக்குப் போய்ப் பெட்டியை அடுக்கினாள். நீ சாயங்காலம் வந்து "என்னம்மா பண்ணீங்க?" என்றபோது நான் பழத்தைப் பற்றி மட்டும்தான் சொன்னேன். நீயும் "போதும்மா" என்று ஒரே வார்த்தையில் கிளம்பிவிட்டாய். நீ பழத்துக்காகக் கோபித்துக்கொண்டாய். உன் பெண்டாட்டி என் வாய்க்காகப் போனாள்.

உன்னையும் நான் சும்மா விடுவதாக இல்லை. மூன்று தடவை உன் வீட்டில் அப்படி நடந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் நான் விசேஷம் உண்டா என்று கேட்க, நீ ஆபீஸைக் காட்டிப் பேச்சை மாற்றியிருக்கிறாய். ஸ்பீக்கரில் அவளும் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்திருப்பாள். "அம்மா, கேக்காதீங்க" என்ற இரண்டு வார்த்தை உனக்கு வரவில்லையா? அம்மா வருத்தப்படுவாள் என்று பார்த்தாய். அவளை வருத்தத்துக்குள்ளேயே உட்கார வைத்துவிட்டாய். இனிமேலாவது அவளுக்கும் மற்றவர்களுக்கும் நடுவில் வாயைத் திறந்து நில். என்னிடம் காட்டிய மரியாதை போதும். அதனால் எனக்கு ஒரு நல்லதும் நடக்கவில்லை.

மூன்றாவது விஷயத்தை உன் அப்பாவிடம்கூட நான் சொன்னதில்லை. எனக்கும் கல்யாணமாகி ஐந்து வருஷம் பிள்ளை இல்லை. என் மாமியார் அந்த மடிப்பழத்தை வாங்கிவந்து, ஈரச் சேலையோடு என்னை நிறுத்தி, கையில் திணித்தார். நாலு பெண்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். நான் கடித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு அவமானமாக எதையும் வாயில் வைத்ததில்லை. அவர்கள் குலவை போட்டுக்கொண்டிருக்கும்போதே கொல்லைப் பக்கம் ஓடி, வாயில் இருந்ததைத் துப்பி, கையில் இருந்த மிச்சத்தை எருக்குழிக்குள் வீசிவிட்டு வந்தேன். ஒரு துண்டுகூட உள்ளே போகவில்லை. மறு வருஷம் நீ பிறந்தாய். ஊரெல்லாம் பழத்தின் மகிமை என்றது. நானும் ஆமாம் என்றேன். முதலில் மாமியாருக்குப் பயந்து சொன்னேன். பிறகு அப்படிச் சொல்வதில் ஒரு கௌரவம் இருந்தது. பிள்ளையில்லாத பெண்கள் என்னைத் தேடி வருவார்கள், உன்னைத் தூக்கிக் காட்டி, "இந்தா, பாரு, அம்மன் குடுத்தது" என்பேன். அவர்களை நானே கூட்டிப்போய் அந்த ஈரச் சேலையில் நிறுத்தியிருக்கிறேன். சொல்லிச் சொல்லி, துப்பியதே எனக்கு மறந்துபோயிற்று. மறந்தது என்றால் அதுவும் பொய். ஜெசியின் கிண்ணத்தில் பிழிந்தபோது என் நாக்கில் அந்தக் கசப்பு வந்தது. ஆனாலும் கை நிற்கவில்லை. அது பலிக்காது என்று இந்த ஊரில் எனக்கு மட்டும்தான் தெரியும், அந்த நானே என் மருமகளுக்குக் கொடுத்தேன். ஏன் என்று இந்த ஒரு வருஷமாக யோசிக்கிறேன்.

இந்த ஆடியில் ஒருநாள் உன் அப்பா மார்க்கெட்டுக்குப் போய் எலுமிச்சை இல்லை என்று வெறுங்கையோடு திரும்பி வந்தார். அவரை மறுபடி அனுப்பி நாரத்தங்காயும் சாத்துக்குடியும் வாங்கிவரச் சொன்னேன். அவள் சொன்ன அளவு எனக்கு நன்றாக நினைவிருந்தது, இரண்டு பங்கு, ஒரு பங்கு, தோலை மேலாகச் சீவ வேண்டும். நீங்கள் வாங்கி வைத்துவிட்டுப் போன ஓவனில் வைத்து எடுத்தேன். அப்பா ஒரு துண்டு தின்றுவிட்டு, "எலுமிச்ச இல்லாமயா செஞ்ச? நல்லாத்தானே இருக்கு" என்றார். நானும் தின்றேன். நல்லாத்தான் இருந்தது. அளவான புளிப்பு, பின்னால் லேசாக ஒரு கசப்பு, அதுவும் நன்றாக இருந்தது. அன்றைக்கு அவள் பேச்சைக் கேட்டு அந்தக் காய்களை வாங்கி வந்திருந்தால் போதும். சாப்பிட்டு முடித்ததும் அவள் சொல்ல வந்ததைச் சொல்லியிருப்பாள். நானும் ஒரு மனுஷியாகக் கேட்டிருக்கலாம். என்னால் அடுத்த வாய் தின்ன முடியவில்லை. தட்டை மூடி வைத்துவிட்டேன். அப்பா மூன்று நாள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று தீர்த்தார்.

இப்போது நான் கோவிலுக்குப் போவதில்லை. அம்மன் மேல் எனக்குக் கோபம் கிடையாது, அவள் என்ன செய்வாள். எந்த முகத்தோடு போய் நிற்பது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். யாராவது பிள்ளை வரம் கேட்டு என்னைத் தேடி வந்தால், எனக்கு ஒன்றும் தெரியாது, ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று திருப்பி அனுப்பிவிடுகிறேன். எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று பேசிக்கொள்கிறார்கள். முட்டி வலி அதிகமாகிவிட்டது. மாடி ஏறுவதில்லை. உங்கள் அறை பூட்டியே கிடக்கிறது. உடம்பைப் பற்றி எழுதி உன்னை இளக்கப் பார்க்கிறேன் என்று நினைத்துவிடாதே. இதெல்லாம் சரியாகும் என்ற நினைப்பு எனக்குப் போய்விட்டது. சில வார்த்தைகளுக்கு மன்னிப்பு என்று ஒன்று கிடையாது. நான் சொன்னது அந்த வகை. ஜெசி நல்ல பெண், மன்னித்துவிட்டேன் என்றுகூடச் சொல்வாள். சொல்லவைக்காதே. அவளை அந்தக் கஷ்டத்துக்கும் ஆளாக்க வேண்டாம்.

ஆவூரில் நன்றாக இருங்கள். அவள் அம்மா கையால் சாப்பிடட்டும், நன்றாகத் தூங்கட்டும். இந்தக் கடிதத்தை அவளிடம் காட்டுவதும் கிழித்துப் போடுவதும் உன் இஷ்டம். காட்டினால், நான் துப்பிய கதையைப் படிக்கும்போது பக்கத்தில் இரு.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும் தம்பி. இந்த வயசில்தான் எனக்குத் தோன்றியது, அதுவும் போன வாரம், பக்கத்து வீட்டு நாராயணனின் பேத்தியைத் தெருவில் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது. பேரப்பிள்ளை இல்லை, பேரப்பிள்ளை இல்லை என்று எட்டு வருஷம் நான் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். எனக்கு மூன்று பேர் இருந்திருக்கிறார்கள். ஒருவருக்காகவும் நான் அழவில்லை. அந்தப் பெண் பிள்ளையை எங்கே வைத்தீர்கள் என்றுகூட நான் கேட்கவில்லை. அவளுக்கு நீங்கள் ஏதாவது பெயர் வைத்திருந்தால், ஜெசி சரி என்று சொன்னால், அந்தப் பெயரை மட்டும் எனக்கு எழுது.

அம்மா